பாதியில் நிற்கும் பணம்

குவைத்தின் தெற்குக் கரையில், ஃபிந்தாஸுக்கும் ஃபஹாஹீலுக்கும் நடுவில் இருக்கிறது மங்காஃப். 2024 ஜூன் 12 அதிகாலையில் அங்கே தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். செய்தி ஓய்ந்துவிட்டது. அந்த ஊரும் அதைப் போன்ற வளைகுடா ஊர்களும் மாதந்தோறும் செய்யும் வேலை ஓயவில்லை. சம்பளம் கைக்கு வந்ததும் எக்ஸ்சேஞ்ச் கவுண்டர்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் தினார் ரூபாயாக மாறி, ஊரில் இருக்கும் குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது. ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24இல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணம் 11,870 கோடி டாலர். அதில் குவைத்தின் பங்கு 3.9 சதவீதம். பெறும் மாநிலங்களில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். இவ்வளவு பணத்தையும் தூக்கிச் செல்வது மென்பொருள். அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய ஒரு சிறிய பழக்கத்தைப் பற்றி நாளிதழ் வாசகர்களிடம் பேசக் காரணம் இருக்கிறது: அந்தப் பழக்கம் இல்லாதபோது நேரும் நஷ்டத்தை நிரல் எழுதுகிறவர் சுமப்பதில்லை, பணம் அனுப்புகிறவர்தான் சுமக்கிறார்.

மங்காஃபில் ஒருவர் 100 தினார் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் இருப்பவருக்கு அது ஒரே வேலை. சிவில் ஐடியைப் பார்த்து, பணத்தையோ கே-நெட் அட்டையையோ வாங்கி, ரசீதை நீட்டிவிடுகிறார். கணினிக்கு அது ஏழெட்டு வேலை. அன்றைய மாற்று விகிதத்தை உறுதிசெய்ய வேண்டும். வாங்கிய தினாரை வரவு வைக்க வேண்டும். கட்டணத்தைத் தனியே எழுத வேண்டும். தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரூபாய்த் தொகையைக் கணக்கிட வேண்டும். (ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ் என்பதால் அங்கே மூன்று தசம இடம், ரூபாய்க்கு இரண்டுதான். இந்த ஒரு வித்தியாசத்திலேயே தடுமாறும் நிரல்கள் உண்டு.) பிறகு அனுப்ப வேண்டியவற்றின் வரிசையில் அதைச் சேர்த்து, இந்தியாவில் அந்த எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பெறுகிறவரின் கணக்கு அதே வங்கியில் இருந்தால் பணம் நேராக ஏறும். வேறு வங்கியில் இருந்தால் நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் வழியாகப் போகும். இந்தப் படிகளில் எதுவும் எந்த நொடியிலும் தடைபடலாம். இணைப்பு அறுந்துபோகும், சர்வர் மறுபடி தொடங்கும், இந்திய வங்கியில் இருக்கும் ரூபாய் இருப்பு போதாமல் போகும். அப்போது அதுவரை நடந்து முடிந்த படிகளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தரவுத்தள உலகம் இதற்கான பதிலை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. சில படிகளை ஒரு கட்டாகக் கட்டி, எல்லாம் முடிந்தால் எல்லாம் நிலைக்கும், ஒன்று தவறினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் என்று ஏற்பாடு செய்வது. அதற்குப் பெயர் டிரான்சாக்‌ஷன். மொய் எழுதும் இடத்தில் பணம் பெட்டியில் விழுந்தும் நோட்டில் பெயர் ஏறாமல் போனால் நாளைக்கு வழக்கு யாருக்கு என்பது நமக்குத் தெரியும். கணினிக்கும் அதே வழக்குதான். இந்தக் கருத்தைச் செதுக்கியவர்களில் முதன்மையானவர் கணினி அறிஞர் ஜிம் கிரே. 1981இல் இதன் நன்மைகளையும் எல்லைகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாக நிற்கிறது. 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் இந்தத் துறைப் பணிக்காகவே அவருக்குக் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் அவர் சொல்லும் ஒரு செய்தியைப் பொறியாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. டிரான்சாக்‌ஷன் என்ற கருத்தின் வேர் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது என்கிறார் கிரே. இரண்டு தரப்பு பேரம் பேசி, கையெழுத்திட்டு, பிணைப்புக்கு ஆளாவதன் கணினி வடிவம் அது. அப்படியானால் எந்தப் படிகள் ஒன்றாகக் கட்டப்படுகின்றன என்பதைத் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்றைய வணிக மென்பொருளில் அந்த வாக்கு எங்கே எழுதப்படுகிறது? வங்கித் துறையில் மிகப் பரவலான ஜாவா மொழியில், அதன்மேல் இயங்கும் ஸ்பிரிங் என்ற கட்டமைப்பில், ஒரு மெத்தடின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியின்) தலைமேல் ‘@’ குறியோடு ‘டிரான்சாக்‌ஷனல்’ என்று ஒரு சொல்லை எழுதினால் போதும். இதற்கு அனோட்டேஷன் என்று பெயர். 2004இல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு இந்த வசதியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஸ்பிரிங் அதை டிரான்சாக்‌ஷனுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் கட்டைத் தொடங்கு, முடி, தவறினால் அவிழ் என்று ஒவ்வொரு இடத்திலும் கையால் எழுதினார்கள். இல்லையென்றால் தொலைவில் கிடக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதினார்கள். ஒற்றைச் சொல் அந்தச் சுமையை இறக்கியது, அது பெரிய உதவிதான். ஆனால் எழுதச் சுலபமாக இருந்ததாலேயே அதன் பொருளை யாரும் விசாரிக்காத நிலையும் வந்தது.

அந்தச் சொல்லுக்குள் பல முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. எந்தப் பிழை வந்தால் கட்டு அவிழும்? ஸ்பிரிங்கின் இயல்பு ஏற்பாட்டில், எதிர்பாராத வகைப் பிழைகளுக்கு மட்டுமே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். நிரல் எழுதுகிறவர் முன்கூட்டியே யோசித்து ‘இப்படியும் நேரலாம்’ என்று முறையாக அறிவித்த பிழை வந்தால், அதுவரை நடந்தது அப்படியே நிலைத்துவிடும். ஜாவாவின் பழைய இஜேபி கட்டமைப்பின் மரபிலிருந்து வந்த வழக்கம் இது. மங்காஃப் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். தினாரை வரவு வைத்தாயிற்று. அடுத்த படியில் ‘ரூபாய் இருப்பு போதவில்லை’ என்ற பிழை எழுகிறது. பொறுப்பான பொறியாளர் அதை முன்பே யோசித்து அறிவித்திருக்கிறார். அவர் பொறுப்பாக இருந்ததனாலேயே பணம் வாங்கியது நிலைக்கும், அனுப்புவது நிலைக்காது. இதை மாற்ற ஒரு சிறு அமைப்பு போதும். அதை ஒவ்வொரு இடத்திலும் நினைவாக எழுத வேண்டும். இந்த இயல்பு ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை ஸ்பிரிங்கே ஒருவகையில் ஒப்புக்கொண்டது. 2024 நவம்பரில் வந்த 6.2 பதிப்பில், எந்தப் பிழை வந்தாலும் அவிழ்க்கும்படி முழு மென்பொருளுக்கும் ஒரே இடத்தில் சொல்லும் வசதி சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பணத்தைத் தொடும் நிறுவனம் கட்டமைப்பு கொடுத்த பொதுச்சொல்லை அப்படியே தூவிவிட்டுப் போகக் கூடாது. தன் தொழிலின் சொற்களில் தானே சில அனோட்டேஷன்களை வரையறுக்க வேண்டும். டிரான்சாக்‌ஷன் பற்றிய எல்லா முடிவையும் அவற்றுக்குள் ஒரே இடத்தில் எழுதி, தொழில் விதிகளை எழுதும் சர்வீஸ் அடுக்கில் அந்தப் பெயர்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ‘பணம் புறப்பாடு’ என்று ஒன்று: எந்தப் பிழை வந்தாலும் அவிழும், தினார் வரவும் கட்டணமும் அனுப்பும் வரிசைப் பதிவும் சேர்ந்தே நிற்கும். ‘தணிக்கைப் பதிவு’ என்று இன்னொன்று: மற்றது அவிழ்ந்தாலும் இது தனியாக நிலைக்கும், ஏனென்றால் தோற்ற முயற்சிக்கும் தடயம் வேண்டும். ‘விகிதம் பார்த்தல்’ என்று வேறொன்று: படிக்க மட்டும், எதையும் எழுதாது. இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஸ்பிரிங்கின் ஆவணமே ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இரண்டு சொந்த அனோட்டேஷன்களை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. லாபம் தட்டச்சை மிச்சப்படுத்துவதில் இல்லை. ‘டிரான்சாக்‌ஷனல்’ என்ற சொல்லைப் பார்த்து ஒரு தணிக்கையாளரோ கிளை மேலாளரோ எதுவும் கேட்க முடியாது. ‘பணம் புறப்பாடு’ என்று எழுதியிருந்தால், புறப்பாட்டில் என்னென்ன அடங்கும் என்று அவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

இது வெறும் ஒழுங்குப் பித்து என்று நினைப்பவர்கள் பிரிட்டன் தபால் துறையின் ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருளைப் பார்க்கலாம். 1999 முதல் கிளைகளுக்கு வந்த அந்த மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, கள்ளக்கணக்கு போன்ற குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பத்தினரும் கணிசமாக இருந்தார்கள். 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததையும் அவற்றால் கிளைக் கணக்கில் பொய்ப் பற்றாக்குறை தோன்றக்கூடும் என்பதையும் உறுதிசெய்தது. நீதிமன்றத்தில் அலசப்பட்ட பிழைகளில் ஒன்றுக்கு ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்ற ஊரின் பெயர். 2015இல் அங்கே 8,000 பவுண்டை ஒரு கிளையிலிருந்து அதன் துணைக் கிளைக்கு மாற்றியபோது, பதிவு நான்கு முறை விழுந்தது. 24,000 பவுண்டு இல்லாத பணம் கணக்கில் முளைத்தது. ஒரு மாற்றம் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும், பொத்தானை நான்கு முறை அழுத்தினாலும் ஒரு முறைதான் என்பது அந்தப் பணியின் வாக்காக எங்கும் எழுதிக் காக்கப்பட்டிருக்கவில்லை. அனோட்டேஷன் ஒன்று இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சொல்வது மிகை. அங்கே நிறுவனத்தின் பிடிவாதமும் சேர்ந்தது. ஆனால் பிழை எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை அது காட்டுகிறது. மறுபடி இயக்கினால் பாதகமில்லையா, இரட்டிப்பாகுமா என்ற தகவலும் அந்தச் சொந்தப் பெயருக்குள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அனுபவமுள்ள பொறியாளர்கள் இதற்கு எழுப்பும் முதல் மறுப்பு வலுவானது. அனோட்டேஷனே ஒரு மாயவித்தை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்கிறது. அதன்மேல் இன்னொரு பெயரைப் போர்த்துவது திரைக்கு மேல் திரை போடுவது என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஸ்பிரிங்கின் வழக்கமான ஏற்பாட்டில், வெளியிலிருந்து வரும் அழைப்பை இடைமறித்துத்தான் கட்டு போடப்படுகிறது. ஒரே வகுப்புக்குள் (மெத்தடுகளின் தொகுப்புக்குள்) ஒரு மெத்தட் இன்னொரு மெத்தடை அழைத்தால் இடைமறிப்பு நடக்காது. தலைமேல் எழுதிய சொல் அலங்காரமாக நிற்கும். படிக்கிறவர் காவல் இருக்கிறது என்று நம்புவார், காவல் இருக்காது. ஆனால் இதே மறுப்பு பொதுச்சொல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதை மறக்கக் கூடாது. கையால் எழுதிய கட்டுகளுக்குத் திரும்பலாம் என்றால், நூறு இடத்தில் நூறு விதமாக எழுதப்பட்டு, எது வேண்டுமென்றே வேறுபட்டது, எது மறதியால் வேறுபட்டது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். சொந்த அனோட்டேஷனை இயந்திரமே படித்துச் சரிபார்க்கலாம். பேரேட்டில் எழுதும் எந்த மெத்தடும் இந்தப் பெயர்களில் ஒன்றைச் சுமக்காவிட்டால் மென்பொருள் உருவாக்கமே நின்றுவிட வேண்டும். அதே வகுப்புக்குள்ளிருந்து அழைத்தாலும் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் பிழையை வலிந்து எழுப்பி, பேரேடு பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பார்க்கும் சோதனை இருக்க வேண்டும். பெயரும் சோதனையும் சேர்ந்தால்தான் வாக்கு. சோதனை இல்லாத பெயர் வேண்டாம் என்பதில் மறுப்பாளர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. வளைகுடாப் பணத்தின் உண்மையான சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. குவைத்தில் ஒரு தரவுத்தளம், ரூபாய்க் கணக்குள்ள இந்திய வங்கியில் ஒன்று, பெறுகிறவரின் வங்கியில் ஒன்று. இந்த மூன்றையும் ஒரே கட்டில் போட எந்த அனோட்டேஷனாலும் முடியாது, பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்பது கேள்வி. முடியாது என்பது சரி. இந்தியாவுக்குப் போன செய்தியைக் குவைத்தில் கட்டு அவிழ்வது திரும்ப அழைக்காது. செய்தி அனுப்புவதையும் கட்டுக்குள் போட்டுவிட்டால் இன்னும் மோசம்: செய்தி போய்ச் சேர்ந்துவிடும், பிறகு கட்டு அவிழும், ‘தோல்வி’ என்று திரையில் வரும், அனுப்புகிறவர் மறுபடி அனுப்புவார், வீட்டுக் கணக்கில் இரண்டு முறை ஏறும். அதனால்தான் கட்டுக்குள் ‘அனுப்ப வேண்டியது’ என்ற பதிவை மட்டும் வைத்து, செய்தியை வேறொரு பணி பிற்பாடு அனுப்புவது நல்ல வழக்கம். ‘பணம் புறப்பாடு’ என்ற பெயர் அந்த எல்லையைச் சொல்கிறது: வாக்கு இதுவரை, இதற்கு மேல் வேறு வாக்கு. எல்லைக்கு அப்பால் உள்ளதை 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் ‘சாகா’ என்று பெயரிட்டு விளக்கினார்கள். நீண்ட வேலையைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒன்று தவறினால் முன்னே முடிந்தவற்றை ஈடுசெய்யும் எதிர்ப்பணிகளை ஒவ்வொன்றாகச் செய்வது. ஆனால் ஈடுசெய்வது வேறு, நடக்காததுபோல் ஆக்குவது வேறு. திங்கட்கிழமை ஒரு விகிதத்தில் ரூபாயாகிப் போன பணம் கணக்கு எண் தவறியதால் வியாழக்கிழமை திரும்பி வந்தால், எந்த விகிதத்தில் தினாராகும்? வாங்கும் விகிதத்துக்கும் விற்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளியை யார் தாங்குவது? கட்டணம் திரும்புமா? தொழிலாளிக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையான வெள்ளிக்கிழமையையும் கவுண்டர் வரிசையில் கழிப்பதற்கு என்ன ஈடு? இவற்றையெல்லாம் இன்று யாரோ ஒருவர் நிரலுக்குள் தீர்மானித்துவிடுகிறார், பெரும்பாலும் தாம் தீர்மானிக்கிறோம் என்று தெரியாமலேயே. ‘திருப்பிச் செலுத்தல்: அனுப்பிய தினாரே திரும்பும்’ என்று ஒரு பெயரில் எழுதியிருந்தால் அது நிறுவனத்தின் கொள்கையாக வெளியே தெரியும், வாதாடவும் முடியும்.

வேகம் குறையும், நீளமான கட்டு மற்றவர்களைக் காக்க வைக்கும் என்று இன்னொரு மறுப்பு உண்டு. கட்டின் எல்லையைப் பெயரிட்டு எழுதினால் அது நீள்கிறதா என்பதும் தெரிந்துவிடும் என்பதைத் தவிர அதற்குப் பதில் தேவையில்லை. ஒவ்வொரு குழுவும் தன் இஷ்டத்துக்குப் பெயர் உண்டாக்கினால் நாற்பது பெயர் வந்துவிடும் என்பது நியாயமான அச்சம். நாலைந்துக்கு மேல் போகக் கூடாது. பெயரைப் பொறியாளர் தனியாக வைக்கக் கூடாது, பேரேடு பார்க்கும் கணக்கரோடு உட்கார்ந்து வைக்க வேண்டும். அந்த உரையாடல் நடப்பதே பாதி பயன்.

இதெல்லாம் நிறுவனங்களின் உள்விவகாரம், பொதுமக்களுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியே பதில் சொல்லிவிட்டது. 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கை, தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்குக் காலக்கெடு வைத்தது. ஐஎம்பிஎஸ்ஸில் ஒரு கணக்கில் கழிந்து மறு கணக்கில் ஏறாவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஏடிஎம்மில் கழிந்து கைக்குப் பணம் வராவிட்டால் ஐந்து நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வங்கியே கொடுக்க வேண்டும். பாதியில் நிற்கும் டிரான்சாக்‌ஷனுக்கு அரசு அமைப்பு ஒன்று பெயரும் விலையும் வைத்தது. வங்கிகளின் மென்பொருள் அதற்கேற்ப ஒவ்வொரு தோல்வியையும் வகைபிரித்து எண்ண வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சுற்றறிக்கை தன் எல்லையையும் வரைந்தது: அனுப்புகிறவரும் பெறுகிறவரும் இந்தியாவுக்குள் இருக்கும் பரிவர்த்தனைகளுக்கு மட்டும். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ஆயிரம் ரூபாய்க்கு இருக்கும் அந்தக் காப்பு, மங்காஃபிலிருந்து தஞ்சாவூருக்கு வரும் ஒரு மாதச் சம்பளத்துக்கு அதில் இல்லை. வெளிநாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்த முடியாது என்பது புரிகிறது. இந்திய வங்கியின் கைக்குச் செய்தி வந்து சேர்ந்த பிறகான பயணம் முழுவதும் இந்திய மண்ணில்தான் நடக்கிறது என்பதும் புரிய வேண்டும்.

சென்னையில் தரமணியிலும் சிறுசேரியிலும் உட்கார்ந்து வங்கி மென்பொருள் எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வங்கி மென்பொருளைத் தொழிலாகவே கொண்ட போலாரிஸ், அதிலிருந்து பிரிந்த இன்டலெக்ட் போன்ற நிறுவனங்கள் வளர்ந்த ஊர் இது. எனவே இரண்டு வேண்டுகோள். ரிசர்வ் வங்கி, வெளிநாட்டிலிருந்து வரும் தனிநபர் பணத்தின் இந்தியப் பகுதிக்கும், செய்தி இந்திய வங்கியை எட்டிய நிமிடத்திலிருந்து, அதே காலக்கெடுவையும் அதே 100 ரூபாயையும் பொருத்த வேண்டும். பொறியாளர்கள், தாங்கள் எழுதும் சர்வீஸ் அடுக்கில் ‘டிரான்சாக்‌ஷனல்’ என்று வெறுமனே நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, இது எந்த வாக்கு, எந்தப் பிழைக்கு அவிழும், எங்கே முடிகிறது என்று குழுவில் கேளுங்கள். பதில் வராத இடத்தில் முதலில் சோதனையை எழுதுங்கள், பிறகு பெயரை வையுங்கள்.